‘தொழிலாளர்’ யார்? தொழிலாளர் சட்டக் கல்வியும் பொருநைக்கரைப் பீடித்தொழிலும்

ஆய்வுச்சுருக்கம்

தொழிலாளர் சட்டத்தையும் தொழிலுறவையும் தமிழ்வழியில் பயிலும் மாணவர் ‘தொழிலாளர்’ என்னும் ஒரே சொல்லைக் கொண்டு பல சட்டங்களைக் கடந்து செல்கின்றனர். ஆங்கில மூலத்திலோ அவ்விடங்களில் மூன்று வேறு சொற்கள் உள்ளன. வீட்டிலிருந்து பீடி சுற்றுவோர் சட்டத்தின் பார்வையில் யார் என்ற கேள்வி சற்றேறக்குறைய முப்பதாண்டுகள் நீதிமன்றங்களில் நின்றது. அந்த வழக்குகள் பெரும்பாலும் இம்மூன்று சொற்களுக்கு இடைப்பட்ட வெளியிலேயே நடைபெற்றன. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் பீடித்தொழிலை முன்வைத்து அவ்வழக்குகளை விளக்குவதும், பாடம் தொடங்க வேண்டிய இடம் எது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: தொழிலாளர் சட்டம், தொழிலுறவு, பீடித்தொழில், வீட்டுத் தொழிலாளர், கட்டுப்பாட்டுச் சோதனை, சட்டத்தமிழ்

முன்னுரை

பாளையங்கோட்டையில் உயர்கல்வி பயிலவரும் மாணவருள் கணிசமானோர் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வருபவர்கள். மேலப்பாளையம் தொடங்கி முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், கடையம் வரை விரியும் வட்டாரத்தில் பீடித்தட்டு இல்லாத தெருவைக் காண்பது அரிது. இம்மாணவரின் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஈட்டப்பட்டது. இவர்களே பின்னர்த் தொழிலாளர் சட்டம் பயில்கின்றனர். சட்டப்படிப்பில் அது கட்டாயப் பாடம். சமூகப்பணி, வணிக மேலாண்மை ஆகிய முதுநிலைப் படிப்புகளில் மனிதவளப் பிரிவை எடுப்போர்க்கும் அது உண்டு. சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மைக்கென்றே படிப்புகளை நடத்துகிறது.

இப்படிப்புகளுக்குப் பின்னால் ஒரு பணிவாய்ப்பு நிற்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. அந்த எண்ணைப் புதிய சட்டத்தொகுப்பு 250 ஆகக் குறைத்துள்ளது. நல அலுவலரை உருவாக்கும் நோக்கில் அமைந்த பாடம், இயல்பாகவே தொழிற்சாலையின் உள்ளே நின்று வெளியே பார்க்கிறது. வருகைப்பதிவேடு, நிலையாணைகள், ஒழுங்கு நடவடிக்கை, உள்விசாரணை என்று பாடம் நகரும்போது, வாயிற்கதவே இல்லாத ஒரு தொழில் அதன் பார்வைக்குள் வருவதில்லை. இக்கட்டுரையாளர் முதுநிலை பயின்ற வகுப்பில் 1966ஆம் ஆண்டுப் பீடிச் சட்டம் ‘பிற சட்டங்கள்’ என்ற தலைப்பின்கீழ் ஒரே பிற்பகலில் முடிந்துபோனது. அவ்வகுப்பில் இருந்தோருள் பாதிப்பேரின் தாய்மார் அந்நேரத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தனர்.

ஆலைவாயிலில் பிறந்த சட்டம்

இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றைப் பாடநூல்கள் ஆலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்யச் சட்டம் இல்லை. தொழில் தகராறு என்ற கருத்தாக்கமும் சட்டத்தில் இல்லை. ஊதிய உயர்வு, வேலைநேரம், வார விடுமுறை ஆகியவை குறித்த கோரிக்கைகளில் நிர்வாகம் இறங்கிவந்தது. ஆயினும் அதே மார்ச்சு மாதத்தில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். 13ஆம் நாள் திருநெல்வேலி கொந்தளித்தது. வ.உ.சி. பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர்மீது வந்தது அரச நிந்தனைக் குற்றச்சாட்டு. ஓர் ஊதியக் கோரிக்கையை முன்னெடுத்தவரை எதிர்கொள்ள அன்றைய அரசிடம் இருந்தது குற்றவியல் சட்டம் மட்டுமே.

பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை நிர்வாகம் அச்சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா முதலானோர்மீது உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. தொழிலாளரை வேலையை விட்டு நிற்கத் தூண்டுவது ஒப்பந்த மீறலைத் தூண்டுவதாகும் என்பது நிர்வாகத்தின் வாதம். இத்தடையாணை எழுப்பிய அதிர்ச்சியே என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரவும், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறக்கவும் வழிகோலியது. அச்சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் சங்கத்தினர்க்குச் சதிக்குற்றத்திலிருந்தும் உரிமையியல் வழக்கிலிருந்தும் அளிக்கும் பாதுகாப்பை இப்பின்னணி இல்லாமல் விளக்க இயலாது.

இவ்வரலாற்றின் தொழிலாளர் ஆலைச்சங்கு கேட்டு உள்ளே போய், சங்கு கேட்டு வெளியே வருபவர். அவர் தொழிலாளரா என்ற ஐயம் எவர்க்கும் எழவில்லை. எழுந்த கேள்வியெல்லாம் அவர்க்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதுதான். திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுபவருக்கோ முதற்கேள்வியே வேறு.

ஒரு தமிழ்ச்சொல், மூன்று சட்டச்சொற்கள்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ‘ஒர்க்கர்’ என்கிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ‘ஒர்க்மேன்’ என்கிறது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டமும் 1966ஆம் ஆண்டுப் பீடிச் சட்டமும் ‘எம்ப்ளாயீ’ என்கின்றன. தமிழ்ப் பாடநூல்களிலும் தேர்வு உரைகளிலும் இம்மூன்றும் பெரும்பாலும் ‘தொழிலாளர்’ அல்லது ‘தொழிலாளி’ என்றே வருகின்றன. வழக்கில் ஒருவர் ஒரு சட்டத்தின்கீழ்த் தொழிலாளராகவும் மற்றொன்றின்கீழ்த் தொழிலாளர் அல்லாதவராகவும் தீர்ப்பளிக்கப்படும்போது, தமிழ்வழி மாணவர் அதனை நீதிமன்றத்தின் முரண்பாடாகவே எண்ணிக்கொள்கிறார்.

வேறுபாடு எளிது. முதற்சொல் ஓர் இடத்தோடு கட்டுண்டது. குறிப்பிட்ட எண்ணிக்கையினர் (மின்விசை உண்டெனில் 10 பேர், இல்லையெனில் 20 பேர்) வேலை செய்யும் தொழிற்சாலையில், உற்பத்திச் செயலில் அமர்த்தப்பட்டவரே அங்குக் கருதப்படுவார். இரண்டாவது சொல் உறவோடு கட்டுண்டது. ஒரு தொழிலில் கூலிக்காக உடலுழைப்பு முதலிய வேலைகளைச் செய்ய அமர்த்தப்பட்டவர் அவர்; எங்கிருந்து செய்கிறார் என்பது அடுத்த கேள்வி. மூன்றாவது சொல் வைப்புநிதிச் சட்டத்தில் இன்னும் விரிந்தது. நிறுவனத்தின் வேலையில் மட்டுமன்றி அவ்வேலையோடு தொடர்புடைய எதிலும் அமர்த்தப்பட்டு, நேரடியாகவோ மறைமுகமாகவோ முதலாளியிடமிருந்து ஊதியம் பெறுபவரையும் அது தழுவும். இக்கட்டுரை இம்மூன்றையும் முறையே ஆலைத்தொழிலாளர், தொழிலாளர், பணியாளர் என்று பிரித்து வழங்குகிறது. இவை முடிந்த முடிபான கலைச்சொற்கள் அல்ல. வேறு சொற்களும் பொருந்தலாம். மூன்றும் ஒன்றாகக் கூடாது என்பதே வேண்டுகோள்.

‘ஒர்க்மேன்’ என்ற சொல்லில் ஆண் ஒருவன் நிற்பதும், பீடி சுற்றுவோருள் மிகப்பெரும்பாலோர் பெண்கள் என்பதும் இடைக்குறிப்பாகச் சொல்லத்தக்கன. ‘தொழிலாளர்’ என்ற தமிழ்ப் பலர்பால் சொல் இவ்வொரு வகையில் மூலத்தினும் மேலானது.

உப்பளத்திலிருந்து பீடித்தட்டுக்கு

உறவை எவ்வாறு கண்டறிவது? இதற்கு முதல் தெளிவான விடையை உச்சநீதிமன்றம் தந்தது ஓர் உப்பளத்தை முன்னிட்டு. குஜராத்தின் தராங்கதரா இரசாயன நிறுவன வழக்கில் (1956), அகரியாக்கள் எனப்படும் உப்புத் தொழிலாளர்க்கு நிலம் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரப்பட்டிருந்தது. விளைந்த உப்பின் அளவுக்கேற்பக் கூலி. வேலைநேரம் வரையறுக்கப்படவில்லை, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆயினும் அவர்கள் தொழிலாளரே என்றது நீதிமன்றம். என்ன வேலை என்பதை மட்டுமன்றி, எவ்வாறு செய்ய வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்தும் உரிமை முதலாளிக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கட்டுப்பாட்டின் அளவு தொழிலுக்குத் தொழில் மாறும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த மாணவர்க்கு இவ்வழக்கை விளக்க ஆசிரியர் அதிகம் உழைக்க வேண்டியதில்லை.

பீடியில் விடை அவ்வளவு நேராக வரவில்லை. சிந்தாமன் ராவ் வழக்கில் (1958) மத்தியப் பிரதேசத்தின் ‘சட்டேதார்’ எனப்படும் இடைநிலையர் சுயேச்சையான ஒப்பந்தக்காரர் என்றும், ஆகவே அவரும் அவர்க்காகச் சுற்றியோரும் அந்தத் தொழிற்சாலையின் ஆலைத்தொழிலாளர் அல்லர் என்றும் தீர்ப்பானது. பிர்திசந்த் சர்மா வழக்கில் (1961) தொழிற்சாலைக்கு வந்து சுற்றியோர், விரும்பிய நேரத்தில் வந்து போகும் வசதி இருந்தும், ஆலைத்தொழிலாளர் எனப்பட்டனர். சங்கர் பாலாஜி வாஜே வழக்கில் (1962) தொழிற்சாலைக்குள் அமர்ந்தே சுற்றியவர் ஆலைத்தொழிலாளர் அல்லர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. இம்மூன்றும் தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் எழுந்தவை. இடத்தோடு கட்டுண்ட சொல்லைக் கொண்டு, இடமே தெளிவாக இல்லாத தொழிலை அளக்க முயன்றதன் தடுமாற்றத்தை இவற்றில் காணலாம்.

திருப்பம் சென்னை மாநிலத்திலிருந்து வந்தது. தி.சி. திவான் முகைதீன் சாகிப் அண்டு சன்ஸ் வழக்கில் (1964) பீடி நிறுவனம் இலையையும் தூளையும் இடைநிலையரிடம் கொடுத்தது. அவர்கள் சுற்றுவோரிடம் கொடுத்தனர். சுற்றுவோர் பலரும் இலையை வீட்டுக்கு எடுத்துச்சென்று நறுக்கி வந்தனர். சுற்றுவோர் இடைநிலையரின் ஆட்களே, தமக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்றது நிறுவனம். தொழில் தீர்ப்பாயம் ஆவணத்தை விடுத்து நடப்பைப் பார்த்தது. இடைநிலையர் என்போர் கையில் முதலின்றி, கிளை மேலாளர்போல் நிறுவனத்தின் சொற்படி நடந்தவர். ஒப்பந்தம் பெயரளவிலானது எனக் கண்டது. சுற்றுவோர் நிறுவனத்தின் தொழிலாளரே என்ற அம்முடிவை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. இங்குப் பயன்பட்டது தொழில் தகராறுகள் சட்டத்தின் சொல். பீடியும் தட்டும் அவையேதான். சட்டச்சொல் மாறியதால் பார்க்க வேண்டியதும் மாறியது.

கழிவு: குறையே சான்றானது

பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர்க்கு ‘கழிவு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பெண்கள் பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கிவருகின்றனர். இலையை நனைத்து, கத்தரியால் வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, வாய்மடித்து, நூல்சுற்றிக் கட்டுகளாக்கிக் கடைக்குக் கொண்டுபோகின்றனர். கடைக்காரர் கட்டுகளை எடுத்துப் பார்த்து, தளர்ந்தது, பருத்தது, இலை பழுத்தது எனச் சிலவற்றைத் தள்ளுகிறார். தள்ளப்பட்டதற்குக் கூலி இல்லை. கொடுத்த இலை தரமற்றதாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் ஈடுசெய்வதும் சுற்றியவர் பொறுப்பு. தொழிலாளர் தரப்பின் நெடுநாள் குறைகளுள் இவை முதன்மையானவை. 1966ஆம் ஆண்டுச் சட்டம் மூலப்பொருள் வழங்கல், பீடி கழித்தல், கழித்ததற்கான கூலி ஆகியவை பற்றிய தகராறுகளைத் தீர்க்கத் தனி வழிமுறையை 39ஆம் பிரிவில் வைத்தது இதனால்தான்.

இந்தக் கழிவே சட்டத்தில் எதிர்பாராத பணியொன்றைச் செய்தது. பி.எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கில் (1985) வீட்டிலிருந்து சுற்றுவோர்க்கு வருங்கால வைப்புநிதி உண்டா என்பது கேள்வி. அவர்களை எவரும் மேற்பார்வையிடுவதில்லை, வீட்டுக்குள் எவ்வாறு சுற்றுகிறார் என்பதை நிறுவனம் அறியாது, ஆகவே கட்டுப்பாடு இல்லை என்பது நிறுவனங்களின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சுற்றுவது எளிய வேலை. ஒவ்வொரு நொடியும் தலைக்குமேல் ஆள் நிற்கத் தேவையில்லை. முடிந்த பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கும் உரிமையே இத்தொழிலின் இயல்புக்கேற்ற மேற்பார்வையும் கட்டுப்பாடும் ஆகும் எனக் கொண்டு, அவர்கள் பணியாளரே என்றது.

எந்தச் செயலால் அப்பெண் கடைவாயிலில் கூலியை இழந்தாரோ, அச்செயலே அவரைப் பணியாளர் என மெய்ப்பிக்கும் சான்றாயிற்று. தொழிலுறவுப் பாடத்தில் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்ற தலைப்பை இக்கட்டுரையாளர் இரண்டு பருவங்களில் மனப்பாடமாகவே எழுதினார். அது புரிந்தது இவ்வழக்கைப் படித்தபிறகுதான்.

சட்டம் வந்தபின்

இவ்வளவு வழக்குகளுக்கு இடையே நாடாளுமன்றம் 1966இல் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் (பணிநிலைமைகள்) சட்டத்தை இயற்றியது. ‘பணியாளர்’ வரையறைக்குள்ளேயே, மூலப்பொருள் பெற்று வீட்டில் பீடி செய்பவரை ‘வீட்டுத் தொழிலாளர்’ எனப் பெயர் சொல்லி வைத்தது அதன் தனிச்சிறப்பு. மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் முதலானவை தொடுத்த வழக்கில் (1974) உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

சட்டம் தாளில் வென்றதும் தொழில் இடம்பெயர்ந்தது. கேரளம் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது மங்களூர் நிறுவனம் கண்ணூர்ப் பகுதியிலிருந்து வெளியேறியது. வேலையிழந்தோர்க்காக 1969இல் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு தொடங்கப்பட்டது. பிற பகுதிகளில் வேலை பட்டறையிலிருந்து வீட்டுக்குள் நகர்ந்தது. 1976இன் நலவரி, நலநிதிச் சட்டங்களால் அடையாள அட்டை, கல்வி உதவித்தொகை, மருத்துவமனை ஆகியவை கிடைத்தன. முக்கூடலில் உள்ள பீடித்தொழிலாளர் மருத்துவமனை அவ்வழி வந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்த நலவரி நீக்கப்பட்டது.

வரையறைக்குள் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கொள்வதற்கும் இவ்வட்டாரம் இடந்தராது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைத் தொழிலாளர் அல்லர் என எவரும் வழக்காடவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத்தொழிலாளர் சட்டம் அவர்களை ஐயத்துக்கிடமின்றித் தழுவியது. அவர்களுடைய ஊதியக் கோரிக்கையையும் சிறைப்பட்டோர் விடுதலையையும் முன்வைத்து 1999 சூலை 23 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். அது தனி ஆய்வுக்குரியது. இங்கு இவ்வளவே கூறமுடியும்.

புதிய தொகுப்புகளில் பழைய கேள்வி

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்கள் அவற்றுள் அடங்கின. பாடத்திட்டங்கள் திருத்தப்படும் காலம் இது. பணிசார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பு 1966ஆம் ஆண்டுப் பீடிச் சட்டத்தை நீக்கி, அதிலிருந்து சிலவற்றை 74 முதல் 77 வரையிலான பிரிவுகளில் வைத்துள்ளது. பட்டறைக்கான உரிமம், வெளியே இலை நனைத்து வெட்டுவதற்கான அனுமதி ஆகியவை அங்குள்ளன. குடும்பத்தோடு தம் வீட்டிலேயே சொந்தமாகச் செய்வோர்க்கு அப்பகுதி பொருந்தாது என்ற பிரிவும் தொடர்கிறது. பழைய சட்டத்தின் பணியாளர் வரையறைக்குள் பெயர்பெற்றிருந்த ‘வீட்டுத் தொழிலாளர்’ இத்தொகுப்பின் பணியாளர் வரையறையில் இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘வீட்டிலிருந்து பணிபுரிபவர்’ உண்டு. ஆனால் அங்கு அவர் அமைப்புசாராத் தொழிலாளர் வகையினர்.

இரண்டிற்கும் உள்ள தொலைவு பெரிது. பணியாளருக்கு எதிரே ஒரு முதலாளி நிற்கிறார். வைப்புநிதிப் பங்கைக் கேட்க ஆளுண்டு. அமைப்புசாராத் தொழிலாளருக்கு எதிரே நிற்பது அரசின் நலத்திட்டம். பட்டேல் தீர்ப்பு வைப்புநிதிச் சட்டத்தின் பரந்த சொற்களைப் பற்றி எழுந்தது. அதன் வலிமை புதிய தொகுப்பின் சொற்களுக்கும் நீளும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து; முதலாளி மூலப்பொருள் தந்து, தரம் பார்த்துக் கழித்து, கூலி வழங்கும்வரை உறவின் இயல்பு மாறவில்லை. எதிர்வாதமும் எழும். ‘வீட்டிலிருந்து பணிபுரிபவர்’ எனத் தனிப்பெயர் வந்துவிட்டபின் அவரைப் பணியாளருக்குள் தேடக்கூடாது என்று நிறுவனத் தரப்பு வாதிடக்கூடும். வழக்கின் முடிவு சொல்லின் பொருளில் தங்கப்போகிறது.

தொழிலுறவுத் தொகுப்பு ‘ஒர்க்மேன்’ என்பதை விடுத்து ‘ஒர்க்கர்’ என்பதை எடுத்துக்கொண்டு, அதனோடு ‘எம்ப்ளாயீ’யையும் தனியே வரையறுக்கிறது. முன்பு இடத்தோடு கட்டுண்டிருந்த சொல் இப்போது உறவைக் குறிக்க வந்திருக்கிறது. பழைய தீர்ப்புகளைப் புதிய தொகுப்போடு சேர்த்துப் படிக்கும் தமிழ்வழி மாணவர்க்கு ஒரே ‘தொழிலாளர்’ போதாது என்பது முன்னிலும் கூர்மையாகிறது.

வகுப்பறையில் தொடங்கும் இடம்

வரையறைப் பாடத்தைப் பிரிவு எண்ணிலிருந்து தொடங்காமல் ஒரு பாஸ் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். பீடிக்கடை தரும் அப்புத்தகத்தில் நாள், பெற்ற இலையும் தூளும், கொடுத்த பீடி, கழிவு, கூலி எல்லாம் உள்ளன. பெயர் விவரங்களை மறைத்து, உரியவர் இசைவோடு வகுப்புக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பக்கத்தை வைத்து, மேற்கண்ட வழக்குகளின் ஒவ்வொரு வாதத்தையும் மாணவர் எழுப்பவும் மறுக்கவும் முடியும். கட்டுப்பாடு எந்தப் பத்தியில் தெரிகிறது? கூலி வழங்குபவர் யார்? கடைக்காரரின் பெயரா, நிறுவனத்தின் பெயரா மேலே அச்சிடப்பட்டுள்ளது?

அதன்பின் கடினமான கேள்விக்கு வரலாம். மேலப்பாளையத்தில் இக்கட்டுரையாளர் கண்ட ஒரு வீட்டில் புத்தகம் தாயின் பெயரில் இருந்தது. தட்டில் மூவர் சுற்றினர்: தாய், மூத்த மகள், மணமாகி வந்த மருமகள். எண்ணிக்கை ஒரே பெயரில் ஏறியது. வைப்புநிதியும் ஒரே பெயரில். மருமகளிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது, “வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான் இருக்கேன்” என்றார். அவர் கை அப்போதும் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அகரியாக்கள் துணைக்கு ஆள் வைத்ததால் அவர்களுடைய நிலை கெடவில்லை என்றது தராங்கதரா தீர்ப்பு. அத்துணை ஆளின் நிலை என்ன என்பது அங்குக் கேள்வியாக எழவில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, முதலாளியால் அமர்த்தப்படாமல் அவருடைய அனுமதியோடு வேலை செய்பவரையும் பணியாளர் என்றது. மருமகள் அதற்குள் வருவாரா என்று வாதிடலாம். அவ்வரையறை நீங்கிய பின்னர் எந்தச் சொல்லின்கீழ் வாதிடுவது என்பதை மாணவர் எழுதிவரலாம்.